கிளார்க்குக்கு மேலதிகாரி யார்?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பதவியேற்கிற எவரும், கவர்னரானாலும் கவுண்டி கான்ஸ்டபிளானாலும், ஒரு விசித்திரமான சத்தியம் செய்தாக வேண்டும். 'ஆயுதம் ஏந்தி யாரோடும் துவந்த யுத்தம் செய்ததில்லை, யாரையும் அதற்கு அழைத்ததில்லை, யார் அழைப்பையும் ஏற்றதில்லை' என்று வலது கையை உயர்த்திச் சொல்ல வேண்டும். 1891-ல் எழுதப்பட்ட மாநில அரசியல் சட்டத்தின் 228-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. விழாவில் இந்த வரி வரும்போது கூட்டத்தில் சிரிப்புக் கேட்கும். சிரித்தாலும் சத்தியம் சத்தியம்தான்.

2026 நவம்பர் 3-ல் அந்த மாநிலத்தின் 120 கவுண்டிகளிலும் உள்ளூர்ப் பதவிகளுக்குத் தேர்தல். வெல்பவர்களில் பெரும்பாலோர் 2027 ஜனவரி முதல் திங்கட்கிழமை பொறுப்பேற்பார்கள், இந்தச் சத்தியத்தைச் சொல்லிவிட்டு. அந்த 120-ல் ஒன்றின் பெயர் ரோவன் கவுண்டி. வடகிழக்கே மலையடிவாரத்தில் இருக்கிறது, தலைமையூர் மோர்ஹெட், மக்கள் தொகை 24,000 சொச்சம். யார் அந்த ரோவன்? ஜான் ரோவன் என்ற வக்கீல். 1801-ல் சீட்டாட்டத்தில் மூண்ட சண்டை துவந்த யுத்தமாக முற்ற, ஒரு டாக்டரைச் சுட்டுக் கொன்றவர். பிற்பாடு அமெரிக்க செனட்டரும் ஆனார். துவந்த யுத்தம் செய்யாதவர்கள் மட்டும் பதவி வகிக்கக்கூடிய ஒரு கவுண்டிக்கு, அதில் ஆளைக் கொன்றவரின் பெயர். இந்தக் கட்டுரை பெரும்பாலும் இந்த ஒரு கவுண்டியைப் பற்றியது. அமெரிக்காவில் கவுண்டி அரசுகள் மூவாயிரத்துச் சொச்சம். ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. கனெக்டிகட் மாநிலம் 1960-ல் கவுண்டி ஆட்சியையே கலைத்துவிட்டது. ரோட் ஐலண்டில் கவுண்டி என்பது வரைபடத்தில் இருக்கும் கோடு மட்டும். எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போனால் எதுவும் கண்ணில் படாது.

நம் மாவட்டத்தைப் போலவா கவுண்டி என்றால், பரப்பில் ஒரு தாலுகா என்று வைத்துக்கொள்ளலாம். வேலையில்தான் பெரிய வித்தியாசம். தாசில்தார், சார்பதிவாளர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர், சிறைக் கண்காணிப்பாளர் என்று நாம் யார் யாரிடமெல்லாம் மனுவோடு நிற்கிறோமோ, அத்தனை பேரையும் பொதுமக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தால் எப்படி இருக்கும்? கென்டக்கியில் ஏறக்குறைய அப்படித்தான்.

கவுண்டி கிளார்க் என்று ஒருவர். பெயரைக் கேட்டால் ஃபைல் தூக்குகிற குமாஸ்தா நினைவுக்கு வருவார். உண்மையில் நிலப் பத்திரம் பதிவது, கல்யாண லைசென்ஸ் தருவது, கார் நம்பர் பலகை தருவது, வாக்காளர் பட்டியலைப் பராமரித்துத் தேர்தல் நடத்துவது என்று எல்லாம் அவர் பொறுப்பு. ஷெரீஃப் ஒருவர். சினிமாவில் குதிரை ஏறித் துப்பாக்கி சுழற்றுபவர், கென்டக்கியில் சொத்து வரியும் வசூலிக்கிறார். வீட்டு வரி அவரிடம்தான் கட்ட வேண்டும். நவம்பர் 1-க்குள் கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி. அந்த வரிக்கு அடிப்படையான சொத்து மதிப்பைக் கணக்கிடுபவர் தனி ஆள், அவரும் தேர்தலில் வருபவர். ஆனால் அவருக்கு மட்டும் ஒரு நிபந்தனை: மாநில வருவாய்த் துறை நடத்தும் பரீட்சையில் தேறிச் சான்றிதழ் வாங்கினால்தான் வேட்பாளராகவே நிற்க முடியும். பரீட்சையும் எழுதி, ஓட்டும் கேட்க வேண்டிய பாவப்பட்ட மனிதர்.

சந்தேக மரணங்களை விசாரிப்பவர் கரோனர். வயது 24 ஆகியிருக்க வேண்டும், உள்ளூர்வாசியாக இருக்க வேண்டும். டாக்டராக இருக்க வேண்டியதில்லை. பல கவுண்டிகளில் இறுதிச் சடங்கு நிலையம் நடத்துபவர்தான் கரோனர். பிரேதப் பரிசோதனையைச் செய்வது மாநில அரசின் மருத்துவர்கள். ஆனால் பிரேதத்தைப் பரிசோதனைக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முதலில் முடிவெடுப்பவர் இவர். மாசசூசெட்ஸ் 1877-லேயே கரோனர் பதவியை ஒழித்துவிட்டு மருத்துவர்களை அமர்த்தியது. கென்டக்கி இன்னும் ஓட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறது.

பிறகு, ஜெயிலர். சிறை அதிகாரியையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். வேடிக்கை அதுவல்ல. பல சிறிய கவுண்டிகள் செலவு தாங்காமல் தங்கள் சிறைகளை மூடிவிட்டன. கைதிகளைப் பக்கத்துக் கவுண்டிச் சிறைக்கு அனுப்புகின்றன. ஆனால் ஜெயிலர் பதவி அரசியல் சட்டத்தின் 99-வது பிரிவில் எழுதியிருக்கிறதே, அதை எப்படி மூடுவது? 2015-ல் மாநிலப் பத்திரிகையாளர்கள் எண்ணிப் பார்த்தபோது, சிறையே இல்லாத ஜெயிலர்கள் 41 பேர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கைதியை வண்டியில் கொண்டுபோய் விடுவது, நீதிமன்றத்தில் நிற்பது என்று சிலருக்கு வேலை இருந்தது. சிலருக்கு அதுவும் அதிகமில்லை.

இவர்கள் எல்லோருக்கும் மேலே கவுண்டி நீதிபதி-நிர்வாகி என்று ஒருவர் இருக்கிறார். பெயரில் நீதிபதி உண்டு, நீதி வழங்கும் அதிகாரம் கிடையாது. 1975-ல் நடந்த அரசியல் சட்டத் திருத்தம் அதைப் பிடுங்கிக்கொண்டது. பட்டம் மட்டும் தங்கிவிட்டது. சாலை, பட்ஜெட், குப்பை, ஆம்புலன்ஸ் எல்லாம் அவரும் மாஜிஸ்திரேட்டுகளும் அடங்கிய சபையின் பொறுப்பு. மாஜிஸ்திரேட்டுகள் என்றாலும் அவர்களும் வழக்கு விசாரிப்பவர்கள் அல்லர், நம் ஒன்றியக் கவுன்சிலர்கள் மாதிரி. 'மேலே' என்று சொன்னேனே தவிர, உண்மையில் அவருக்குக் கீழே கிளார்க்கோ ஷெரீஃபோ இல்லை. பட்ஜெட்டில் கைவைக்கலாம், ஷெரீஃபைக் கூப்பிட்டு மெமோ கொடுக்க முடியாது. ஒவ்வொருவரும் தனித்தனியாக மக்களிடம் ஓட்டு வாங்கி வந்தவர்கள். ஒரே கட்டடத்தில், அடுத்தடுத்த அறைகளில், ஒருவருக்கொருவர் பதில் சொல்ல வேண்டாதவர்கள் உட்கார்ந்திருப்பதுதான் கவுண்டி.

இப்படி ஏன் அமைத்தார்கள்? எப்போதும் இப்படி இல்லை. 1799-ன் அரசியல் சட்டப்படி கவுண்டியை ஆண்டவர்கள் சமாதான நீதிபதிகள் என்ற உள்ளூர்ப் பெரிய மனிதர்கள். காலியிடம் வந்தால் யாரைப் போடுவது என்று அவர்களே பரிந்துரைப்பார்கள், கவர்னர் நியமிப்பார். அவர்களில் மூத்தவருக்கு ஷெரீஃப் பதவி முறைப்படி வந்து சேரும். அவர் என்ன செய்வார் என்றால், வயதான காலத்தில் குதிரை மேல் அலைய முடியாது என்று பதவியை நல்ல விலைக்கு இன்னொருவருக்கு விற்றுவிடுவார். வாங்கியவர் போட்ட பணத்தை எடுக்க வேண்டுமே. வரி கட்டுபவன் தலையில் விடியும். பதவி என்பது கைமாறும் சொத்தாகவே இருந்தது. இதில் வெறுத்துப்போன மக்கள் 1850-ல் புது அரசியல் சட்டம் எழுதியபோது, எல்லாப் பதவிக்கும் தேர்தல் என்று ஒரே அடியாக வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அது துணிச்சலான சீர்திருத்தம்.

நம் பக்கம் இதே நோய்க்கு வேறு மருந்து கொடுத்தார்கள். கர்ணம், மணியக்காரர், கிராம முன்சீப் எல்லாம் பரம்பரைப் பதவிகளாக இருந்த காலம் இன்னும் பல பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அடங்கலும் சிட்டாவும் கர்ணம் வீட்டுப் பரணில் இருக்கும். யார் நிலம் யாருடையது என்பது அவர் பேனா முனையில் இருக்கும். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு அத்தனை பதவிகளையும் ஒழித்தது. உச்ச நீதிமன்றம் 1982-ல் அதை உறுதிசெய்தது. அந்த இடத்துக்குத் தேர்வு எழுதி வந்தவர் கிராம நிர்வாக அலுவலர். பரம்பரையை ஒழிக்க அவர்கள் ஓட்டை எடுத்தார்கள், நாம் பரீட்சையை எடுத்தோம். வி.ஏ.ஓ. தப்புச் செய்தால் மேலதிகாரி மாற்றலாம், சஸ்பெண்ட் செய்யலாம். கிராமத்து ஜனங்களால் ஒன்றும் செய்ய முடியாது. கென்டக்கி கிளார்க் தப்புச் செய்தால் ஜனங்கள் நான்கு வருடத்துக்கு ஒரு முறை மாற்றலாம். நடுவில் மாற்ற அவருக்கு மேலதிகாரி என்று யாரும் இல்லை. இந்த நான்கு வருட இடைவெளியில் என்ன ஆகும் என்பதற்கு ரோவன் கவுண்டியே சாட்சி. அதுவும் இரண்டு முறை.

முதல் முறை 1884. அந்த ஆகஸ்டில் ஷெரீஃப் பதவிக்குத் தேர்தல். ஓட்டுப்பதிவு நாளில் மோர்ஹெட் வீதியில் தகராறு மூண்டு துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. ஒருவர் செத்தார், மார்ட்டின் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் காயம்பட்டார். மார்ட்டின், டாலிவர் என்ற இரு குடும்பங்களுக்கிடையே பகை பற்றிக்கொண்டது. ஒருபக்கம் ரிபப்ளிகன், மறுபக்கம் டெமாக்ரட். குறைந்த ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்த ஷெரீஃபும் ஒரு கட்சி ஆளாகவே இருந்தார். பிடிவாரண்ட் கையில் வைத்திருப்பவர் எதிர்ப்பக்கத்து ஆள் என்றால் எவன் சரணடைவான்? 1887 வரை சண்டை ஓயவில்லை. சுமார் 20 பேர் மாண்டார்கள். ஒரு கட்டத்தில் கவுண்டியையே கலைத்துவிடலாமா என்று சட்டமன்றம் யோசித்தது.

இரண்டாவது முறை துப்பாக்கி வரவில்லை, பேனா போதுமானதாக இருந்தது.

ரோவன் கவுண்டியில் 37 வருடம் கிளார்க்காக இருந்தவர் ஜீன் பெய்லி என்ற பெண்மணி. அவருடைய உதவியாளராக நீண்ட காலம் வேலை பார்த்தவர் அவர் மகள் கிம் டேவிஸ். 2014-ல் தாயார் ஓய்வுபெற, மகள் போட்டியிட்டார். டெமாக்ரட் கட்சிக்குள் நடந்த முதற்கட்டத் தேர்தலில் எல்வுட் காடில் என்பவரை 23 ஓட்டில் தோற்கடித்தார். காடில் அதே கோர்ட் கட்டடத்தில் சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தில் உதவியாளர். நவம்பரில் டேவிஸ் ஜெயித்துப் பதவியேற்றார். அவருக்குக் கீழே உதவிக் கிளார்க்காக யார் இருந்தார்? அவர் மகன். 1850-ல் எந்தப் பரம்பரையைத் துரத்த ஓட்டுப்பெட்டியைக் கொண்டுவந்தார்களோ, அது அதே பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வந்து மேஜை முன் உட்கார்ந்துகொண்டது. இதில் சட்ட மீறல் ஒன்றுமில்லை. 37 வருடம் கார் நம்பர் பலகை வாங்கப் போன இடத்தில் பார்த்த முகம், தெரிந்த குடும்பம். ஓட்டுப் போட வேறு என்ன காரணம் வேண்டும்?

2015 ஜூன் 26-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத்தவர் திருமணத்தை நாடு முழுக்கச் செல்லும் என்று தீர்ப்பளித்தது. என் மத நம்பிக்கை இடம் தராது என்று டேவிஸ் லைசென்ஸ் தருவதையே நிறுத்தினார். பாகுபாடு என்று சொல்லிவிடக் கூடாதென்று ஆண்-பெண் ஜோடிகளுக்கும் சேர்த்தே நிறுத்தினார். அந்த ஆகஸ்ட், செப்டம்பர் மாதக் காட்சிகளை டிவியில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு கவுன்ட்டர். இந்தப் பக்கம் இரண்டு ஆண்கள், பின்னால் மைக்கும் கேமராவும். அந்தப் பக்கம் டேவிஸ். யார் அதிகாரத்தின் பேரில் மறுக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். கடவுளின் அதிகாரத்தின் பேரில் என்கிறார். பக்கத்துக் கவுண்டிக்குப் போய் வாங்கிக்கொள்ளலாமே என்றால், நாங்கள் வரி கட்டுவது இங்கேதானே என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு தமிழ் வாசகருக்கு உடனே தோன்றுவது: கலெக்டர் ஏன் அவரைச் சஸ்பெண்ட் செய்யவில்லை? கலெக்டர் என்று ஒருவர் இல்லை. நீதிபதி-நிர்வாகிக்கு அந்த அதிகாரம் கிடையாது. கவர்னர் ஸ்டீவ் பெஷியர் எல்லாக் கிளார்க்குகளுக்கும் உத்தரவுக் கடிதம் அனுப்பினார், டேவிஸ் பொருட்படுத்தவில்லை. கவர்னர் அவரை நீக்க முடியாது. ஒரே வழி, மாநிலச் சட்டமன்றம் கூடிப் பதவிநீக்கத் தீர்மானம் கொண்டுவருவது. அப்போது சட்டமன்றக் கூட்டத்தொடர் இல்லை, சிறப்புக் கூட்டத்தைக் கவர்னர் கூட்டவுமில்லை. கடைசியில் மத்திய நீதிமன்ற நீதிபதி டேவிட் பன்னிங் செப்டம்பர் 3-ல் நீதிமன்ற அவமதிப்புக்காக அவரைச் சிறையில் அடைத்தார். பதவியிலிருந்து இறக்க முடியாத ஒருவரை ஜெயிலில் போட முடிந்தது. ஐந்து நாள் உள்ளே இருந்தார், கிளார்க்காகவே இருந்தார். அவர் உதவியாளர்கள் ஆறு பேரில் ஐந்து பேர் லைசென்ஸ் தரச் சம்மதித்தார்கள். சம்மதிக்காத ஆறாமவர் மகன்.

2016-ல் மாநிலம் லைசென்ஸ் படிவத்தையே மாற்றி, கிளார்க்கின் பெயர் இல்லாமல் ஆக்கியது. லைசென்ஸ் மறுக்கப்பட்டவர்கள் டேவிஸ் மீது தொடுத்த வழக்கோ நடந்துகொண்டே இருந்தது. 2023-ல் ஜூரி ஒரு லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. இதற்கிடையில் 2018-ல் ஓட்டர்கள் தங்கள் முடிவைச் சொல்லியிருந்தார்கள். கட்சி மாறி ரிபப்ளிகனாக நின்ற டேவிஸை, 23 ஓட்டில் தோற்ற அதே காடில் ஏறக்குறைய 54 சதவீத ஓட்டு வாங்கித் தோற்கடித்தார். லைசென்ஸ் மறுக்கப்பட்டவர்களில் ஒருவரும் அந்த முறை போட்டியில் இருந்தார். காடிலிடம் முதற்கட்டத்திலேயே தோற்றார். ரோவன் ஜனங்கள் புரட்சிக்காரரையும் தேர்ந்தெடுக்கவில்லை, பழையவரையும் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு அறை தள்ளி உட்கார்ந்திருந்தவரைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு இதில் ஒரு விவேகம் தெரிகிறது. ஆனால் அந்த விவேகம் வேலை செய்ய மூன்று வருடம் பிடித்தது.

2014-ல் ஓட்டுப் போட்டவர்களை ஒரு விஷயத்தில் குறை சொல்ல முடியாது. அவர்கள் முன் வைக்கப்பட்ட கேள்வி, பத்திரங்களை ஒழுங்காகப் பதிபவர் யார் என்பது. அரசியல் சட்ட நெருக்கடியில் எப்படி நடந்துகொள்வார் என்று ஒரு கிளார்க்கை யார் கேட்பார்கள்?

ஃப்ளோரிடாவின் பாம் பீச் கவுண்டியிலும் 2000-ல் இதே கதைதான். அங்கே தேர்தல் நடத்தும் அலுவலரும் தேர்தலில் வருபவர். அப்போது தெரெசா லெபோர் என்ற டெமாக்ரட். அது வயதானவர்கள் நிறைந்த கவுண்டி. எழுத்து பெரிதாக இருந்தால் அவர்களுக்கு நல்லது என்று எண்ணி, ஜனாதிபதி வேட்பாளர் பெயர்களை எதிரெதிரான இரண்டு பக்கங்களில் பரப்பி, ஓட்டைகளை நடுவில் வைத்தார். இடப்பக்கம் முதல் பெயர் புஷ், இரண்டாவது கோர். ஆனால் நடுவில் இரண்டாவது ஓட்டை வலப்பக்கத்து புகானனுக்கு; கோருக்கு மூன்றாவது. புகானனுக்கு அந்தக் கவுண்டியில் 3,407 ஓட்டு விழுந்தது. இரண்டு ஓட்டை குத்திச் செல்லாமல் போன சீட்டுகள் 19,000-க்கும் மேல். மாநிலத்தில் புஷ் முந்தியது 537 ஓட்டில். உலகத்தின் போக்கையே மாற்றிய அந்தச் சீட்டைப் பெரிய எழுத்தில் அச்சடிக்க நினைத்தது ஒரு கவுண்டி அலுவலரின் நல்லெண்ணம். அவர் பதவிக்குப் போட்டி நடந்தபோது எத்தனை பேர் அந்தப் பெயரைப் படித்துவிட்டு ஓட்டுப் போட்டிருப்பார்கள்?

இந்த நீண்ட வாக்குச்சீட்டை எதிர்த்து ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இயக்கம் நடந்திருக்கிறது. ரிச்சர்ட் சைல்ட்ஸ் என்பவர் 1909-ல் 'குறுகிய வாக்குச்சீட்டு' அமைப்பைத் தொடங்கினார். அதன் தலைவராக இருந்தவர், பின்னர் ஜனாதிபதியான உட்ரோ வில்சன். முக்கியமான சில பதவிகளுக்கு மட்டும் தேர்தல் வையுங்கள், மற்றவர்களை அவர்கள் நியமிக்கட்டும், மக்கள் கவனிக்க முடிந்ததை மட்டும் மக்களிடம் கேளுங்கள் என்பது வாதம். சைல்ட்ஸ் கரோனர் பதவியை ஒழிக்க ஆயுள் முழுக்கப் போராடினார். நகரங்கள் பல அவர் பேச்சைக் கேட்டன; கவுண்டிகள் அவ்வளவாகக் கேட்கவில்லை. கென்டக்கியின் லூயிவில் நகரமும் அதைச் சூழ்ந்த ஜெஃபர்சன் கவுண்டியும் 2003-ல் ஒரே அரசாக இணைந்துவிட்டன. ஆனாலும் அங்கே நீதிபதி-நிர்வாகி பதவிக்கு இன்றும் தேர்தல் நடக்கிறது. அதற்கு நிர்வகிக்க ஏறக்குறைய ஒன்றுமே மிச்சமில்லை.

அந்தப் பதவிக்கு ஒரு காலத்தில் உயிர் இருந்தது. 1977-ல் அதற்குப் போட்டியிட்டு ஜெயித்த இளம் வக்கீல் ஒருவர், 1984 வரை அங்கிருந்துவிட்டு செனட்டுக்குப் போனார். பெயர் மிட்ச் மெக்கானல். 2026-ல் அவர் மீண்டும் போட்டியிடவில்லை. அந்த செனட் இடத்துக்கான போட்டி அதே நவம்பர் 3 வாக்குச்சீட்டின் உச்சியில். பணமும் விளம்பரமும் அங்கேதான் கொட்டும். அதே சீட்டின் கீழ்ப்பகுதியில் ஷெரீஃப், கிளார்க், கரோனர், ஜெயிலர்.

கீழ்ப்பகுதிக்கான தேர்தல் நவம்பருக்கு முன்பே பாதி முடிந்துவிடும். கட்சி வேட்பாளர்கள் மனுத் தாக்கல் செய்யக் கடைசி நாள் 2026 ஜனவரி 9. மனுவைக் கொடுக்க வேண்டிய இடம் கவுண்டி கிளார்க் அலுவலகம். மே 19-ல் கட்சிக்குள் முதற்கட்டத் தேர்தல். அதில் பதிவுசெய்த கட்சிக்காரர்கள் மட்டும் ஓட்டுப் போடலாம், கட்சி மாறியவர்கள் என்றால் முந்தைய டிசம்பர் 31-க்குள் பதிவை மாற்றியிருக்க வேண்டும். ஒரே கட்சி ஓங்கிய கவுண்டிகளில் உண்மையான போட்டி அன்றைக்குத்தான். டேவிஸ் 23 ஓட்டில் ஜெயித்தது அப்படிப்பட்ட ஒரு மே மாதத்தில், டெமாக்ரட் பக்கம். மாநிலத்தில் 2022-ல் ரிபப்ளிகன் பதிவு டெமாக்ரட்டைத் தாண்டிவிட்டது. அந்த மே மாதப் போட்டி பல கவுண்டிகளில் மறுபக்கம் இடம்பெயர்ந்திருக்கிறது. அக்டோபரில் விழித்துக்கொள்ளும் வாக்காளருக்குப் பல வரிகளில் ஒரே ஒரு பெயர்தான் மிஞ்சியிருக்கும்.

நவம்பர் 3 காலை 6 மணிக்குச் சாவடி திறக்கும், மாலை 6-க்கு மூடும். உள்ளே போகிறவர் அந்த நீண்ட சீட்டை வரிவரியாகப் படிக்க வேண்டியதுகூட இல்லை. மேலே ஒரு கட்சியின் பெயருக்கு நேரே ஒரு வட்டத்தை நிரப்பினால், அந்தக் கட்சியின் அத்தனை வேட்பாளருக்கும் ஓட்டு விழுந்துவிடும். அமெரிக்காவில் இந்த வசதியை இன்னும் விடாமல் வைத்திருக்கும் சில மாநிலங்களில் கென்டக்கியும் ஒன்று. செனட்டுக்கு யார் போக வேண்டும் என்று மனதில் வைத்து ஒருவர் அந்த வட்டத்தை நிரப்பிவிட்டு வெளியே வரும்போது, தன் கல்யாண லைசென்ஸை யார் தருவார் என்பதையும், தன் பிரேதத்தைப் பரிசோதனைக்கு அனுப்புவதா என்று யார் முடிவெடுப்பார் என்பதையும், இல்லாத சிறைக்கு யார் ஜெயிலர் என்பதையும் சேர்த்தே தீர்மானித்திருப்பார்.